பூட்டின வீட்டுக்கு 520 யூனிட்: எங்கள் மீட்டர் குழப்பமும் மூன்று வருட சப் மீட்டர் அனுபவமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் ஏமாந்தவன் நான் இல்லை. ஒன்றரை வருடம் அடுத்தவர் காசில் ஏசி போட்டுத் தூங்கியவன் நான்தான், அதுவும் தெரியாமலே. தெரியாமல் என்று சொன்னால் என் வீட்டுக்காரம்மா சிரிப்பார்.

2021 ஜூனில் கடலூர் புதுப்பாளையம் பக்கம் இந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்தோம். கீழே வண்டி நிறுத்தம், மேலே இரண்டு மாடி, மாடிக்கு நான்கு என்று மொத்தம் எட்டு வீடு, லிஃப்ட் கிடையாது. மாடிப்படிக்குக் கீழே ஒரு பலகையில் எட்டு மீட்டர், பொதுவுக்கு ஒன்று, ஆக ஒன்பது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறவர் வந்து பார்த்துவிட்டுப் போவார், எனக்கு எஸ்.எம்.எஸ். வரும், கட்ட வேண்டிய தொகை பூஜ்யம். 2016-லிருந்து வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம்தானே, நாம் அதற்குள் அடங்கிவிடுகிறோம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். "ஏங்க, ஏசி ஓடுது, கீசர் ஓடுது, வாரத்துக்கு ரெண்டு தடவ மாவு அரைக்கிறேன், இதெல்லாம் நூறு யூனிட்டுக்குள்ளயா அடங்கும்?" என்று மனைவி கேட்டபோது, "எல்லாம் அஞ்சு ஸ்டார்மா, இன்வெர்ட்டர் ஏசிமா" என்று பெருமையாகச் சொன்னேன். ஆபீஸில் இரண்டு பேருக்கு மின்சிக்கனம் பற்றி அறிவுரைகூடச் சொல்லியிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னார்கள் இல்லையா, அப்போதுதான் குட்டு உடைந்தது. எங்களுக்கு நேர் மேலே, இரண்டாம் மாடி 2-ஆம் எண் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். வீடு வருடம் முழுக்கப் பூட்டு. அவருடைய அப்பா பண்ருட்டியிலிருந்து ஆதார் வேலையாக வந்தவர், என் வீட்டுக் கதவைத் தட்டி மீட்டர் ரீடிங் எழுதுகிற வெள்ளை அட்டையை நீட்டினார். "தம்பி, இதக் கொஞ்சம் பாருங்க. பூட்டின வீட்டுக்கு ரெண்டாயிரத்து நூத்திப் பத்து ரூபாயா?" பார்த்தால் 520 யூனிட். போன கோடையில் 540. அவர் இத்தனை நாளும் மகன் ஃப்ரிட்ஜை அணைக்காமல் போய்விட்டான் என்று நினைத்து மாதாமாதம் போனில் அவனைத் திட்டிக்கொண்டே கட்டியிருக்கிறார்.

கணக்குத் தெரிந்தவர்களுக்கு ஒரு விஷயம். 2022 செப்டம்பர் கட்டண உயர்வுக்குப் பிறகு, அப்போதைய விகிதத்தில், 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய். அதுவே 520 என்றால் 2,110. இருபது யூனிட்டுக்கு 385 ரூபாய், ஏனென்றால் 500-ஐத் தாண்டினதும் 101 முதல் 200 வரைக்கான 2.25 ரூபாய் சலுகையும் போய், அந்த நூறுக்கும் 4.50 விழுந்தது. அதனால் மீட்டர் மாறிப்போனால் பணம் இடம் மாறுவதோடு நிற்பதில்லை, கட்டணப் படிக்கட்டும் மாறுகிறது.

எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நாங்களும் செய்தோம், மீட்டர் கோளாறு, மாற்றித் தாருங்கள் என்று மனு எழுத உட்கார்ந்தோம். அப்போது பொது மோட்டாரைப் பார்க்க வந்திருந்த மஞ்சக்குப்பத்து எலக்ட்ரீசியன் அண்ணன்தான் தடுத்தார். "மீட்டர விடுங்க சார். எந்த மீட்டர் எந்த வீட்டுக்குப் போவுதுன்னு யாராவது பாத்திருக்கீங்களா?" யாரும் பார்த்ததில்லை. பலகையில் ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்ததை நம்பினோம், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு வீட்டிலும் ஆள் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம், இதுதான் மொத்த வேலையிலும் கஷ்டமான பகுதி. எல்லா வீட்டு மெயினையும் அணைத்துவிட்டு மீட்டர் பலகை முன்னால் நின்றோம். மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும், கவனித்திருப்பீர்கள். எங்கள் மீட்டர்களில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று முகப்பிலேயே அச்சடித்திருந்தது. 2000 வாட் கீசரைப் போட்டால் மணிக்கு இரண்டு யூனிட், அதாவது நிமிடத்துக்கு 107 தடவை மினுக்க வேண்டும். முதலில் இஸ்திரிப் பெட்டியை வைத்துத்தான் பார்த்தோம், நன்றாக மினுக்கிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றுவிட்டது, கீழே எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொல்ல, அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு "அயர்ன் பாக்ஸ் சூடாயிட்டா தானா கட் ஆவும்ல" என்றார். அப்புறம் கீசருக்கு மாறினோம்.

ஆனால் அதற்கும் முன்னாலேயே ஒரு வேடிக்கை. எல்லா மெயினும் அணைத்திருக்கும்போது ஒன்பதும் அசையாமல் இருக்க வேண்டும். முதல் மாடி 1-ஆம் வீட்டு மீட்டர் மட்டும் நிதானமாக மினுக்கிக்கொண்டிருந்தது. தேடினால், வண்டி நிறுத்துமிட டியூப் லைட்டும் கேமராப் பெட்டியும் அந்த வீட்டு மெயினுக்கு முன்னாலேயே இழுக்கப்பட்டிருந்தன. கட்டின காலத்தில் தற்காலிகமாக இழுத்தது அப்படியே நிரந்தரமாகிவிட்டது.

பிறகு ஒவ்வொரு வீடாக. மேலேயிருந்து வாட்ஸ்அப் காலில் "போட்டாச்சு" என்பார்கள், கீழே எது மினுக்குகிறது என்று நான் எழுதுவேன். என் வீட்டு கீசரைப் போட்டார்கள். என் மீட்டர் செத்த எலி மாதிரி கிடந்தது. சிங்கப்பூர்க்காரர் மீட்டர் படபடவென்று துடித்தது. பண்ருட்டி ஐயா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் சங்கடம்.

காரணம் பிறகு தெரிந்தது. குழாய் வழியாக ஒயர் இழுத்தவர் முனையில் வெறும் "2" என்று மட்டும் எழுதியிருக்கிறார். முதல் மாடி 2-ம் அதே 2, இரண்டாம் மாடி 2-ம் அதே 2. பலகையில் மாட்டின ஆளுக்கு அது எந்த மாடி என்று எப்படித் தெரியும்?

இதைவிடப் பெரிய வில்லங்கம் 3-க்கும் 4-க்கும் நடுவில். 3-இல் ஓய்வுபெற்ற டீச்சரம்மாவும் சாரும், 4-இல் வாடகைக்கு ஒரு குடும்பம். 3-ஆம் வீட்டு கீசரைப் போட்டால் 3-ம் மினுக்குகிறது, 4-ம் மினுக்குகிறது! 4-ஆம் வீட்டு மெயின் அணைந்தே இருக்கிறது. அண்ணன் டாங் டெஸ்டரை, அதாவது ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கிற கருவியை எடுத்து, 3-இன் பேஸ் (கரண்ட் போகிற ஒயர்), நியூட்ரல் (திரும்புகிற ஒயர்) இரண்டையும் சேர்த்துக் கவ்வினார். சரியான ஒயரிங் என்றால் போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் கழிந்து பூஜ்யம் காட்ட வேண்டும். 8 ஆம்பியருக்கு மேல் காட்டியது. பேஸ் சரியாக வந்திருக்கிறது, நியூட்ரல் மட்டும் இரண்டு வீட்டுக்கும் மாறிவிட்டது.

இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் இது வெளியே தெரியாது. இப்போதைய சிங்கிள் பேஸ் மீட்டர்கள் பேஸ், நியூட்ரல் இரண்டிலும் ஓடுகிற கரண்டை அளந்து எது அதிகமோ அதைக் கணக்கில் எடுக்கும். நியூட்ரலுக்குப் பதில் எர்த்தில் கொடுத்துக் கரண்ட் திருடுகிறவர்களைப் பிடிப்பதற்காகச் செய்த ஏற்பாடு. நியூட்ரல் மாறினால் டீச்சரம்மா வீட்டுக் கரண்ட் போகும்போது அவர் மீட்டரிலும், திரும்பும்போது பக்கத்து மீட்டரிலும் ஏறிவிடும். ஒரு யூனிட் செலவு, இரண்டு பில். இரண்டு மீட்டரிலும் ஈ.எல். என்று போட்ட விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, இரண்டு கரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதற்கான அடையாளம் அது, நாங்கள் அதை ஏதோ பவர் லைட் என்று நினைத்திருந்தோம். வீட்டுக்குள் இருக்கும் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற சுவிட்ச், ஏன் விழவில்லை என்று கேட்கலாம். அது தனக்குப் பிறகு நடப்பதைத்தான் பார்க்கும், மாறியது அதற்கு முன்னால், மீட்டர் பலகையில்.

அப்போதே மாற்றி மாட்டிவிடலாம் என்று நான் துடித்தேன், நிறுத்தியது டீச்சரம்மா வீட்டு சார். ஒயரை மாற்றிவிட்டால் இது இப்படி இருந்தது என்பதற்கு அத்தாட்சி இல்லையே. ஒன்பது மீட்டரையும் ரீடிங் தெரிய போட்டோ எடுத்தோம், எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டு செக்‌ஷன் ஆபீசில் கடிதம் கொடுத்து முத்திரை வாங்கினோம். மூன்று நடை நடந்த பிறகு அதிகாரி ஆட்களோடு வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார். மீட்டருக்குக் கீழே தனித்தனி மெயின் சுவிட்ச் இருந்ததால் சீல் எதையும் தொடாமல் அங்கேயே ஒயர்களை மாற்ற முடிந்தது. சீல் உடைக்க வேண்டிய நிலை என்றால் சொந்த எலக்ட்ரீசியனை வைத்துத் தொடவே தொடாதீர்கள், அது வேறு வம்பு.

பணம்? மீட்டர் சரியாகத்தான் ஓடியிருக்கிறது, மீட்டருக்குப் பிறகு உள்ள ஒயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு, பழைய பில்லை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. என் விஷயத்தில் பிரச்சினை இல்லை, நான் ஐயாவுக்குத் தர வேண்டும், அவ்வளவே. 9 பில்லையும் தாளில் எழுதிக் கூட்டினோம், 11,179 ரூபாய். நான் 11,200 கொடுத்தேன். அவர் பையிலிருந்து சில்லறையைத் தேடி எடுத்து 21 ரூபாயை என் கையில் வைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

டீச்சரம்மாவுக்கும் 4-ஆம் வீட்டுக்கும்தான் நியாயம் கிடைக்கவில்லை. அவர்கள் அதிகமாகக் கட்டியது பக்கத்து வீட்டிலும் இல்லை, யாரிடம் கேட்பது? 2003 மின்சாரச் சட்டத்தின்படி நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது, அதற்கும் மேலே மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், போகலாம் என்று நான் சொன்னேன். "என் முழங்கால் அதுக்கெல்லாம் ஒத்துக்காதுப்பா" என்றார் டீச்சரம்மா. நான் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

வண்டி நிறுத்துமிட லைட்டைப் பொது மீட்டருக்கு மாற்றும்போது ஒருத்தர் எதிர்த்தார், கேட்டால் சிரிப்பீர்கள். பொது மீட்டருக்கு அப்போது யூனிட் 8 ரூபாய், இலவசம் எதுவும் கிடையாது, 1-ஆம் வீட்டில் இருந்தால் அவர்களுடைய இலவச நூறுக்குள் ஓடிவிடும், விட்டுவிடலாமே என்றார். 1-ஆம் வீட்டுக்காரர் பார்த்த பார்வையில் அவரே எழுந்து டீ வாங்கப் போய்விட்டார். 2023 நவம்பரிலிருந்து லிஃப்ட் இல்லாத, 10 வீட்டுக்கு மேற்படாத, மூன்று மாடிக்குள் உள்ள குடியிருப்புகளுக்கு அது 5.50 ஆனதும் அந்தப் பேச்சு நின்றது.

சரி, சப் மீட்டருக்கு வருகிறேன், அதாவது ஈ.பி. மீட்டர் போக நாமே வீட்டுக்குள் மாட்டிக்கொள்கிற தனி மீட்டர். இனிமேல் யார் சொல்வதையும் நம்பக்கூடாது என்று என் வீட்டு டிபி பெட்டிக்குள் (மெயினும் மற்ற சுவிட்சுகளும் இருக்கிற பெட்டி) ஒன்று மாட்டிக்கொண்டேன். முதலில் வைஃபை வைத்தது, போனிலேயே பார்க்கலாம் என்ற ஆசை. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் மோடத்தோடு அதற்கு மறுபடி அறிமுகம் செய்துவைக்க வேண்டும், எட்டாவது மாதம் ஒரு மின்னலில் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு வாங்கியது 800 ரூபாய்க்குச் சாதாரண மீட்டர், எண் மட்டும் காட்டும், வேறு ஒரு வித்தையும் தெரியாது. அதுதான் இன்றும் ஓடுகிறது. ஈ.பி. மீட்டரில் 412 என்றால் இதில் 408, 409, இப்படித்தான் வரும். வித்தியாசம் பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன், ஒரே ஒரு தடவை தாண்டியது, அது நான் ரீடிங் எடுத்த நாள் மாறியதால். குறை என்றால் திரை மங்கிவிட்டது, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இங்கே கடற்காற்றில் திருகுகளில் பச்சை பூக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனை வைத்து இறுக்கிக்கொள்கிறேன். ஒயரிங் தப்பை இது காட்டிக்கொடுக்குமா என்றால் காட்டும், எங்கே தப்பு என்று சொல்லாது. அதற்கு அந்த ஞாயிற்றுக்கிழமைச் சோதனைதான்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து, அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளமும் சேர்ந்து, எங்கள் தெருவிலும் முழங்கால் தண்ணீர். மீட்டர் பலகை நெஞ்சு உயரத்தில் இருந்ததால் தப்பியது, ஆனால் சாரலில் ஒட்டியிருந்த காகிதப் பெயர்ச்சீட்டு அத்தனையும் ஊறி விழுந்துவிட்டது. இரண்டு மீட்டரில் எண்ணே தெரியவில்லை என்று வாரியத்து ஆட்கள் வந்து மாற்றினார்கள். அவர்கள் போன அரை மணியில் டீச்சரம்மா போன் செய்தார், "தம்பி, கீழ போய் நில்லு, நான் கீசர் போடுறேன்." 3-ஆம் மீட்டர் மட்டும் மினுக்கியது. பக்கத்தில் 4 சும்மா இருந்தது. அன்றைக்கே பெயின்ட் வாங்கி வந்து "மு2", "இ2" என்று மாடியோடு சேர்த்துப் பலகையிலேயே எழுதிவிட்டேன்.