கடலோரம் ஒரு வீடு: பருத்தித்துறையா, காரைநகரா, பண்ணையா, கீரிமலையா?

கனடாவில் இருந்து வந்த அக்காவுக்காக இந்த ஆவணியும் புரட்டாதியும் வீடு பார்த்துத் திரிந்தேன். வருடத்தில் நாலைந்து மாதம் வந்து இருக்க வேண்டும், விடிய எழும்பி நடந்து போய்க் கடலைப் பார்க்க வேண்டும் என்பது அவரின் ஆசை. யாழ்ப்பாணத்தில் கடலுக்குப் பஞ்சமில்லை. அதனால் நாலு கரைகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்: வல்வெட்டித்துறை முதல் பருத்தித்துறை வரையான வடமராட்சிக் கரை, காரைநகர், பட்டினத்தில் பண்ணையிலிருந்து கொழும்புத்துறை வரையான பரவைக் கடலோரம் (ஆழமில்லாத களப்பு), கீரிமலை–மாதகல் பக்கம்.

கடலை மட்டும் பார்த்தால் காரைநகரை வேறு எந்தக் கரையும் நெருங்க முடியாது. அங்குள்ள கசூரினாக் கடற்கரையில் கன தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான், அலையும் இல்லை. சவுக்கு நிழலில் சின்னப் பிள்ளைகளைக் கவலையில்லாமல் விடலாம். வடமராட்சிக் கரை பெரும்பாலும் கல்லுக் கரை. குளிக்க இடம் தேட வேண்டும், ஆனால் அலை கல்லில் உடையும் சத்தம் இரவில் வீட்டுக்குள் கேட்கும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். பண்ணைப் பக்கம் அலையே இல்லை. கோட்டைக்குப் பின்னால் சூரியன் இறங்கும் நேரம் அழகு. தண்ணீர் வற்றினால் சேற்று மணம் எழும்பும், நுளம்பும் கூட. கீரிமலையில் கடலுக்கு ஒட்டியே நன்னீர்க் கேணி இருக்கிறது. அது ஒன்றே போதும் என்று சொல்பவர்களும் உண்டு.

சரி, கடலைப் பார்த்தாயிற்று. நாங்கள் உண்மையில் வீட்டைத் தெரிவு செய்தது கிணற்றைப் பார்த்துத்தான்.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது. அதை அளவோடு அள்ளினால் நல்ல தண்ணீர். ஆழமாகத் தோண்டினாலோ மோட்டரை நாள் முழுக்க ஓடவிட்டாலோ உப்பு மேலே ஏறிவிடும். என் சித்தப்பா காரைநகரில் கடலுக்குக் கிட்ட ஒரு வளவு வாங்கினார். கோடையில் தண்ணீர் குறைந்ததும், ஆழப்படுத்தினால் சரியாகிவிடும் என்று கிணற்றை இன்னும் தோண்டினார். அதுவரை சமையலுக்காவது உதவிய கிணறு அதற்குப் பிறகு பாத்திரம் கழுவவும் உதவவில்லை. தென்னம்பிள்ளைகளும் கருகின. இன்றைக்கும் குடிநீர் பவுசரில் (தண்ணீர் லொறியில்) தான் வருகிறது. அவர் அந்த வீட்டில் பட்ட வேதனையைப் பார்த்ததால்தான் நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வேலணை, புங்குடுதீவு என்று தீவகம் முழுக்க இதே கதைதான், அங்கங்கே ஓரிரு நல்ல கிணறுகள் இருக்கும். பட்டினத்தின் பரவைக் கடலோரத்திலும் உவர்தான், ஆனால் குழாய்த் தண்ணீரை நம்பலாம் என்கிறார்கள். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆவணியில் திறக்கப்பட்டது, நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. நல்ல செய்திதான். ஆனாலும் நீங்கள் வாங்கும் ஒழுங்கைக்குக் குழாய் வந்துவிட்டதா, வந்த குழாயில் தண்ணீர் எந்த நேரம் வருகிறது என்பதைப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். விற்பவர் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

கீரிமலைப் பக்கம், கொஞ்சம் உள்ளுக்குப் போனால், செம்மண்ணும் இனிப்பான தண்ணீரும். ஆனால் கீரிமலையும் அடங்கும் வலிகாமத்தில், சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தை யாரும் மறந்துவிடவில்லை. தோட்டங்களுக்குப் போடும் உரத்தால் நைத்திரேற்று ஏறும் பிரச்சினையும் உண்டு. இரண்டுக்கும் நாக்கை நம்ப முடியாது, ஆய்வுகூடத்துக்குத் தண்ணீர் கொடுத்துப் பார்க்க வேண்டும். வடமராட்சியில் ஒரு ஒழுங்கையில் தேன் போல இருக்கும், அடுத்த ஒழுங்கையில் வாயில் வைக்க முடியாது. பொலிகண்டியில் ஒரு ஆச்சி வாளியில் அள்ளித் தந்துவிட்டுச் சொன்னார்: "இப்ப குடிச்சுப் பாருங்கோ பிள்ளை. மார்கழியிலை எல்லாக் கிணறும் நல்ல தண்ணிதான்."

அவர் சொன்னது முழு உண்மை. நல்லூர்த் திருவிழாவுக்கு வருபவர்கள் வற்றிய கிணற்றைப் பார்க்கலாம், நத்தார் விடுமுறைக்கு வருபவர்கள் வெள்ளத்தைப் பார்க்கலாம். இரண்டு காலத்திலும் ஒரு முறை பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். 2008 கார்த்திகையில் நிஷா புயல் மழைக்குப் பட்டினத்தின் தாழ்ந்த பகுதிகள் எப்படிக் கிடந்தன என்பது அங்கு இருந்தவர்களுக்குத் தெரியும். மணற்காடு பக்கம் மணல்மேடுகள் மிக அழகு, ஆனால் 2004 டிசம்பர் 26 சுனாமி அந்தக் கரைக்குச் செய்ததை நினைத்து அக்கா அங்கே வீடு பார்க்கவே மறுத்துவிட்டார்.

கட்டடத்தைப் பொறுத்தவரை நாலு கரைக்கும் ஒரே சோதனைதான்: பீமுக்குக் கீழேயும் சன்னலுக்கு மேலேயும் மண்ணிறக் கோடு தெரிகிறதா பாருங்கள். உப்புக் காற்றிலும் உவர்த் தண்ணீரில் குழைத்த கொங்கிறீற்றிலும் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதி, தட்டு (கொங்கிறீற்றுக் கூரை) வெடிக்கும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, பனஞ்சிலாகை போட்டு ஓடு வேய்ந்த பழைய நாற்சார் வீட்டை (நடுவில் முற்றம் உள்ள வீட்டை) திருத்துவது, அப்படி வெடித்த தட்டு வீட்டைத் திருத்துவதைவிட எனக்கு நம்பிக்கையான வேலையாகத் தெரிகிறது.

அடுத்தது காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம். விலை குறைவு என்று காரைநகருக்கும் தீவுகளுக்கும் ஓடுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். ஒரு வளவுக்கு ஏழு பங்காளிகள், ஒருவர் கொழும்பில், ஒருவர் லண்டனில், மூன்று பேர் எங்கே என்றே தெரியாது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின்படி பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதற்கென்றே வந்தது. அறிவித்தல் கொடுக்காமல் முடித்த விற்பனையை அவர்கள் பின்னர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். சீதனமாக மனைவி பெயரில் உள்ள வீடென்றால் கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். உரிமையாளருக்காக ஒப்பமிட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவத்தை மட்டும் காட்டி அவசரப்படுத்தினால் இன்னும் கவனம்.

கீரிமலை, மயிலிட்டிப் பக்கம் சிக்கல் வேறு மாதிரி. 1990இல் சனம் மொத்தமாக இடம்பெயர்ந்து, காணிகள் துண்டு துண்டாகத் திரும்பின. வேலியும் எல்லைக்கல்லும் இல்லாமல் போன இடங்களில், பழைய நில அளவைப் படத்தை வைத்துப் புதிதாக அளப்பிக்காமல் பரப்புக் கணக்கை நம்ப முடியாது. காணியைப் பத்து வருடம் தங்கள் வசம் வைத்திருந்ததைக் காட்டி உரிமை கோரும் வழக்குகளில், யுத்தத்தால் காணிக்கு வர முடியாமல் இருந்தவர்களைப் பாதுகாக்க 2016இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. பட்டினத்தில் உறுதி ஒப்பீட்டளவில் தெளிவாக இருக்கும், வங்கிக் கடனும் இலகு. அந்தத் தெளிவுக்கும் சேர்த்துத்தான் அங்கே விலை.

வெளிநாட்டுப் பிரஜாவுரிமை மட்டும் உள்ளவர்கள் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தை வாசித்துவிட்டு வாருங்கள். பொதுவாக அவர்கள் பெயருக்குக் காணி எழுத முடியாது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை. அக்கா அதை முதலே எடுத்து வைத்திருந்ததால் தப்பினோம். இன்னொன்று, கடலிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டவோ பெருப்பிக்கவோ கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மதில் ஒன்று கட்டுவதற்கு முன்பும் கேட்டுப் பாருங்கள்.

வைத்தியசாலை, பஸ், கடை என்று பார்த்தால் பட்டினம் முன்னுக்கு. வயதான அப்பா அம்மாவோடு வருபவர்கள் பரவைக் கடலை விட்டு நல்லூர்ப் பக்கம் கொஞ்சம் தள்ளி எடுக்கட்டும். பருத்தித்துறைக்கு மந்திகை ஆதார வைத்தியசாலையும் நெல்லியடிச் சந்தையும் கிட்ட. காரைநகரை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துக் கடலை அனுபவிப்பதுதான் நல்லது.

அக்கா கடைசியில் தெரிவு செய்தது வல்வெட்டித்துறையில், கரையிலிருந்து அரைக் கிலோமீற்றருக்கு மேல் உள்ளே ஒரு பழைய ஓட்டு வீடு. கடல் தெரியாது, சத்தம் கேட்கும். புரட்டாதியிலும் கிணற்றுத் தண்ணீர் இனித்தது. நொத்தாரிசு முப்பது வருடப் பதிவுகளைத் தேடி முடித்துவிட்டார். நோர்வேயில் இருக்கும் விற்பவரின் தம்பி, தனக்கு வேண்டாம் என்று எழுதி ஒப்பமிட்டு அனுப்ப வேண்டும். அந்தக் கடிதத்துக்காகத்தான் இப்போது காத்திருக்கிறோம்.