போன் நல்ல போன்தான், அந்த லாக் ஸ்கிரீனைத் தவிர

பேட்டரி மாற்றக் கொடுத்த போன் போன வாரம் கைக்கு வந்தது. அதே வாரம் அந்த மாடலின் விலையையும் குறைத்துவிட்டார்கள். உடனே ஹாஸ்டல் ஜூனியர் ஒருவன், "அண்ணா, நீங்க இவ்வளவு நாளா வச்சிருக்கீங்களே, வாங்கலாமா?" என்று கேட்டான். மெஸ் வரிசையில் நின்றபடி சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை, அதனால் எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. பதினைந்தாயிரத்துக்குள் போன் தேடி அலைந்தவர்களுக்கு இது எந்த வகையறா என்று தெரிந்துவிடும். ராம் எவ்வளவு, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதெல்லாம் பெட்டி மேலேயே இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கோபத்தில் விட்டுப்போகும். கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாண்டு சேர்ந்தபோது அப்பா வாங்கிக் கொடுத்தது, இப்போது மூன்றாம் ஆண்டு. மாடிப்படியில் உருண்டிருக்கிறது, சாம்பாரில் குளித்திருக்கிறது. மேலே ஒட்டிய கண்ணாடி உடைந்ததே தவிர ஸ்கிரீன் உடையவில்லை. மத்தியான வெயிலிலும் எழுத்து தெரிகிறது. கடைசி பெஞ்சிலிருந்து போர்டைப் படம் எடுத்தால் படிக்க முடிகிறது. கேமராவைப் பற்றி எனக்கு இதற்கு மேல் அபிப்பிராயம் இல்லை.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் டெர்மக்ஸ். ஆண்ட்ராய்டுக்குள் லினக்ஸ் டெர்மினலைத் திறந்து தரும் ஆப். பைத்தான், சி கம்பைலர், கிட் என்று எல்லாம் ஓடும். லேப்டாப் படுத்துவிட்ட ஒரு செமஸ்டரில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப் புரோகிராம்களில் பாதியை ஊருக்குப் போகும் பஸ்ஸில் கட்டைவிரலாலேயே அடித்து முடித்தேன். கீபோர்டு பாதித் திரையை அடைத்துக்கொள்ளும், செமிகோலனைத் தேடி இரண்டாம் பக்கம் போக வேண்டும், ஆனால் கம்பைல் ஆகி விடை வந்து நிற்கும்போது இந்த விலைக்கு இது போதாதா என்று தோன்றும்.

இனி எரிச்சல். மணி பார்க்க ஓரத்து பட்டனை அமுக்குகிறோம். மணி தெரிகிறது, அதற்குக் கீழே ஒரு படம். சிவப்பு வட்டம், மஞ்சள் எழுத்து, எதையோ சுட்டும் அம்புக்குறி. 'இந்த ஆப் உங்கள் போனில் இருக்கிறதா? உடனே நீக்குங்கள்!' விரல் கொஞ்சம் பிசகினால் லாக் திறப்பதற்குப் பதில் பிரவுசர் திறந்து அந்தச் செய்திக்குள் போய் விழுவோம். உள்ளே நான்கு விளம்பரம், நடுவில் இரண்டு பத்தி. நீக்கச் சொல்லி அறிவுரை தரும் இந்தச் செய்தி ஆப்பையே நீக்க முடியாது என்பதுதான் வேடிக்கை. அது போனோடு வந்தது. செட்டிங்ஸில் அதற்கு நேராக 'அன்இன்ஸ்டால்' என்ற சொல்லே கிடையாது.

இதிலும் வயிறு எரிவது எங்கே என்றால், ஆண்ட்ராய்டு 12 முதல், ஆப்கள் பின்னணியில் கிளப்பிவிடும் துணை புராசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் குட்டி புரோகிராம்கள்) மொத்தமாக 32ஐத் தாண்டினால் சிஸ்டம் கொல்ல ஆரம்பிக்கும். அதன்மேல் கம்பெனியின் சொந்த 'பேட்டரி சேவர்' வேறு. பெரிய கம்பைல் ஒன்றைப் போட்டுவிட்டு வாட்ஸ்அப் பார்த்துத் திரும்பினால், டெர்மக்ஸில் 'சிக்னல் 9' என்ற ஒற்றை வரி நிற்கும். ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் வகுப்பில் படித்ததுதான்: 9 என்றால் புராசஸால் பிடிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது, செத்தே ஆக வேண்டும். என் அசைன்மென்ட்டுக்குச் சிக்னல் 9. ஆனால் செய்தி ஆப்புக்கு ஒரு நாளும் வந்ததில்லை. பேட்டரி மூன்று சதவீதத்தில் மூச்சு வாங்கும்போதும், யாரோ ஒரு நடிகர் யாரையோ சொன்னதற்கு இணையமே கொந்தளிப்பதாக அது எனக்குத் தகவல் சொல்லியிருக்கிறது.

நியாயமாகப் பார்த்தால் கம்பெனி பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. இந்த விலையில் போனை விற்று மட்டும் பெரிய லாபம் வராது. ஹார்டுவேரில் ஐந்து சதவீதத்துக்கு மேல் லாபம் வைக்க மாட்டோம் என்று ஒரு பெரிய கம்பெனி 2018இல் மேடை போட்டே அறிவித்தது. மிச்சத்தை விளம்பரத்திலும் முன்கூட்டி ஏற்றிய ஆப்களிலும் எடுக்கிறார்கள். அப்படியென்றால் அந்தக் கணக்கைப் பெட்டி மேல் போட வேண்டியதுதானே? 'லாக் ஸ்கிரீன் வாடகைக்கு விடப்பட்டுள்ளது' என்று ஒரு வரி போதும்.

சரி, பேட்டரி கதைக்கு வருகிறேன். பின் மூடி ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. பேட்டரி வீங்கிவிட்டது. விடுமுறைக்கு வீட்டில் இருந்தபோது கவனித்தேன், என்னைவிட வேகமாக அம்மா கவனித்துவிட்டாள். "தலைமாட்டுல வச்சுத் தூங்காதடா, வெடிச்சிரும்." அம்மாவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது டிவி. போதாததற்கு அன்றிரவு என் லாக் ஸ்கிரீனிலேயே ஒரு அட்டை: 'சார்ஜில் இருந்த செல்போன் வெடித்துச் சிதறியது!' வீங்கிய போனின் நெற்றியிலேயே அந்தச் செய்தி. அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு போய் முற்றத்தில், துணி துவைக்கும் கல்மேல் வைத்துவிட்டாள்.

அம்மா செய்தது சரிதான். வீங்கிய பேட்டரியை உள்ளே வைக்காமல் இருப்பதே நல்லது. ஆனால் அந்தச் செய்தியை முழுதாகத் திறந்து படித்தேன். பயன்படும்படி ஒரு வரி இல்லை. உள்ளே இருக்கும் மின்பகு திரவம் நாள்பட நாள்படச் சிதைந்து வாயு உண்டாவதால் வீங்குகிறது, வீங்கிவிட்டால் சார்ஜ் போடக் கூடாது, குத்தவோ அமுக்கித் திரும்ப மூடவோ கூடாது, கழற்றி மாற்ற வேண்டும். நாலு வரி. அதற்கு இடமில்லை, 'சிதறியது' என்ற சொல்லை மூன்று தடவை போட இடம் இருந்தது.

போன் விஷயத்தில் மீடியா கோபப்படவே கூடாது என்று சொல்லவில்லை. 2016இல் சாம்சங் நோட் 7 வந்தது, ஆகஸ்டில் விற்பனை, அக்டோபரில் தயாரிப்பே நிறுத்தம். இரண்டு பேட்டரி சப்ளையர்கள், இரண்டிலும் வெவ்வேறு குறை என்று அடுத்த ஜனவரியில் கம்பெனியே காரணம் சொன்னது. அங்கே போட்ட சத்தம் நியாயம். ஆனால் சத்தம் எங்கே நிற்பது என்று அதற்குத் தெரியாது. அதே 2016 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த இண்டிகோ விமானத்தில் பை வைக்கும் தட்டில் ஒரு போன் புகைந்தது. அது 2012 மாடல் நோட் 2. பெயரில் நோட் இருந்ததே போதும், இரண்டும் ஒரே கணக்கில் விழுந்தன.

ஆப்பிள் பேட்டரி விவகாரம் இன்னும் சுவாரசியம். எங்கள் வகுப்பிலேயே பாதிப் பேர், புதுப் போன் வாங்க வைக்க ஆப்பிள் பழைய போனை வேண்டுமென்றே மெதுவாக்குகிறது என்று சத்தியம் செய்வார்கள். நடந்தது என்ன? பேட்டரிக்கு வயதானால் அதன் உள்மின்தடை ஏறும். கேம் திறக்கும்போதோ கேமரா திறக்கும்போதோ பிராசசர் சட்டென்று நிறைய மின்சாரம் இழுத்தால் வோல்டேஜ் சரியும். ஒரு அளவுக்குக் கீழே போனால் போன் அப்படியே அணைந்துவிடும், சார்ஜ் முப்பது சதவீதம் காட்டிக்கொண்டிருந்தாலும் சரி. இதைத் தடுக்க 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1இல், பேட்டரி தளர்ந்த போன்களில் பிராசசரின் உச்ச வேகத்தைக் குறைத்தார்கள். இன்ஜினியரிங்காகப் பார்த்தால் சரியான தீர்வு. நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். தப்பு எங்கே என்றால், யாரிடமும் தெளிவாகச் சொல்லவில்லை. டிசம்பரில், போன்களின் வேகத்தை அளந்து மதிப்பெண் போடும் கீக்பெஞ்ச் ஆப்பை உருவாக்கிய ஜான் பூல், அந்த மதிப்பெண் வரைபடத்தைப் போட்டுக் காட்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்கள். பிரான்ஸ் 2020இல் போட்ட 2.5 கோடி யூரோ அபராதமும் வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் மறைத்ததற்குத்தான். தலைப்புச் செய்திகளில் 'மெதுவாக்கினார்கள்' மட்டும் தங்கியது.

அப்படியும் அந்தக் கூச்சலால் நன்மை வந்தது, மறுக்க முடியாது. பேட்டரி மாற்றும் விலை 79 டாலரிலிருந்து 29க்கு இறங்கியது. 2018 மார்ச்சில் ஐஓஎஸ் 11.3இல் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் பக்கம் வந்தது. என் போனில் இன்றைக்கும் அப்படி ஒரு பக்கம் கிடையாது. மூடி தூக்கிக்கொண்டு நின்றால் நாமே புரிந்துகொள்ள வேண்டும்.

இந்தியாவிலும் சமீபத்தில் ஒரு நல்ல கூச்சல் நடந்தது. 2025 நவம்பர் கடைசியில், புதுப் போன்களில் சஞ்சார் சாத்தி என்ற அரசு ஆப்பை ஏற்றியே விற்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. டிவி விவாதம், எதிர்க்கட்சிகள், மீம்ஸ் என்று அமளி. டிசம்பர் 3ஆம் தேதி, கட்டாயம் இல்லை என்று அரசு பின்வாங்கியது. நானும் சந்தோஷப்பட்டேன். கேட்காத ஆப்பை என் போனில் யாரும் திணிக்கக் கூடாது.

சந்தோஷத்தோடு மணி பார்க்கப் பட்டனை அமுக்கினேன். நான் கேட்காத ஆப், சிவப்பு வட்டத்தோடு, அரசு திணித்த ஆப்பைப் பற்றிக் கொந்தளித்துக்கொண்டிருந்தது.

இந்த லாக் ஸ்கிரீன் சமாச்சாரத்தைப் பற்றி ஏன் யாரும் பொங்குவதில்லை என்று அப்புறம்தான் உறைத்தது. பொங்க வேண்டியவர்களின் அட்டைகள்தான் அதில் வருகின்றன. என் விரல் பிசகுவது அவர்களுக்கு ஒரு கிளிக். வெடிக்கும் போன் வருஷத்துக்குச் சில தலைப்புகள் தரும், வெடிக்காத என் போன் தினமும் தருகிறது.

இதை நீக்க வழி இருக்கிறது. செட்டிங்ஸில் பில்டு நம்பரை ஏழு தடவை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, ஏடிபி (லேப்டாப்பிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) மூலம் அந்தச் செய்தி ஆப்பை நம் யூசர் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். ரூட், அதாவது சிஸ்டத்தின் முழு அதிகாரம், தேவையில்லை. ஆனால் சிஸ்டம் பகுதியில் அதன் மூலப் பிரதி அப்படியே இருக்கும். நான் இரண்டாம் ஆண்டிலேயே எடுத்துவிட்டேன், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நிம்மதி. நடுவில் ஒரு பெரிய அப்டேட் வந்தபோது திரும்ப முளைத்தது, மேலே சொன்ன அட்டைகளெல்லாம் அப்போது வந்தவைதான், அப்புறம் மறுபடி களைந்தேன். இப்போது பேட்டரி மாற்றக் கொடுத்த இடத்தில் 'டேட்டா அழியும், சம்மதம்' என்று படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் போட்டுவிட்டார்கள். பேட்டரி மாற்ற ரீசெட் எதற்கு என்று கேட்டேன். "அதுதான் சார் ப்ரொசீஜர்." பேட்டரி அருமையாக நிற்கிறது, காலையில் எடுத்தால் மறுநாள் மத்தியானம் வரை கவலையில்லை. லாக் ஸ்கிரீனில் அதே மஞ்சள் எழுத்து. கூடவே புதிதாக ஒரு ராசிபலன்.

அம்மாவுக்கு அந்த ராசிபலன் பிடித்திருக்கிறது. நான் வேறு போன் வாங்கினால் இதைத் தனக்குத் தரச் சொல்லியிருக்கிறாள்.

ஆக, தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். இந்த விலையில் இதைவிட உழைக்கிற போனை நான் பார்க்கவில்லை. எனக்கு மாற்றும் எண்ணமும் இல்லை. நீ வாங்காதே. இரண்டாயிரம் மூவாயிரம் கூடப் போட்டு, லாக் ஸ்கிரீனில் மணி மட்டும் காட்டுகிற எதையாவது வாங்கு. கடைக்காரர் டெமோ பீஸைக் கையில் கொடுத்தால் கேமராவைத் திறக்காதே, திரையை அணைத்து ஆன் செய்து பார். அதையும் மீறி ஆஃபரைப் பார்த்து மனசு மாறி இதையே வாங்கினால், முதல் தடவை ஆன் செய்யும்போது வரும் எந்தப் பக்கத்திலும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதைத் தட்டாமல் அப்படியே ரூமுக்குக் கொண்டு வா. கேபிள் என்னிடம் இருக்கிறது.