ராயபுரம் ஸ்டேஷன்: பீச்சிலிருந்து ஒரே ஸ்டாப்

சென்னை பீச்சில் வடக்கே போகும் மின்சார ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் ராயபுரம். டிக்கெட் 5 ரூபாய். அந்த வழியாகத் தினமும் போகிறவர்களில் எத்தனை பேர் அங்கே இறங்கி அந்தப் பழைய கட்டடத்தை நின்று பார்த்திருப்பார்கள்? நானே நாற்பது வயது வரை பார்த்ததில்லை.

என் அப்பா பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வண்டி ராயபுரத்தைத் தாண்டும்போதெல்லாம், "நம்ம ரயில் பொறந்த வீடும்மா இது" என்பார். அவர் போய் இரண்டு வருடமாகிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு அதற்காகவே இறங்கினேன்.

அப்பா சொன்னது நிஜம்தான். 1853-இல் பம்பாய், 1854-இல் கல்கத்தா, அதற்கப்புறம் மதராஸ். 1856 ஜூலை 1-ஆம் தேதி இங்கிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பியதுதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். பம்பாயிலும் தாணேயிலும் முதன்முதலில் கட்டிய ஸ்டேஷன்கள் இப்போது இல்லை. ராயபுரம் அப்படியே நிற்கிறது.

ஏன் இங்கே கட்டினார்கள் என்று மகன் கேட்டான். கோட்டை பக்கம், கப்பல் சரக்கு இறங்கும் கரை பக்கம், வியாபாரிகள் இருந்த ஜார்ஜ் டவுனும் பக்கம். அப்போது சென்ட்ரல் கிடையாது. அது வந்தது 1873-இல். வந்ததும் கூட்டம் அங்கே போய்விட்டது. ரயில்வே கம்பெனியின் தலைமை அலுவலகம் மட்டும் 1922 வரை இங்கே இருந்தது, பிறகு அதுவும் சென்ட்ரல் பக்கத்துக்கே போனது. இடித்துப் பெரிதாக்கும் அவசியம் யாருக்கும் வராததால்தான் கட்டடம் பிழைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

சிவப்புச் சுவர், முகப்பில் வெளிர் நிறத்தில் உயரமான தூண்கள். மகன் ஒரு தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தான், பாதிச் சுற்றுக்குக்கூட அவன் கை எட்டவில்லை. நானும் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். வெளியே வெயில் கொளுத்துகிறது, நிழலில் இருந்த பக்கம் பானைத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது. அங்கே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எனக்கு எழுந்து வர மனசே இல்லை.

போகிறவர்களுக்கு ஒரு விஷயம். சென்ட்ரல் பக்கம் மூர்மார்க்கெட்டில் கிளம்பும் கும்மிடிப்பூண்டி வண்டி ராயபுரம் வராது; பீச்சிலிருந்து வருவதில்தான் ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துக்கொண்டு போங்கள். முடிந்தால் அப்படியே ராயப்பர் கோயிலையும் பார்த்துவிட்டு வாருங்கள். புனித பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ராயப்பர் என்று சொல்வார்கள். ஊருக்குப் பெயர் வந்ததே அவரால்தான்.

ராயபுரத்தை இன்னொரு பெரிய முனையமாக்க வேண்டும் என்று வடசென்னைக்காரர்கள் பல வருடங்களாகக் கேட்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். தண்டவாளம் எவ்வளவு வேண்டுமானாலும் போடட்டும், அந்தத் தூண்களில் மட்டும் கை வைக்க வேண்டாம். ஊருக்குப் போகிற குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு மறுபடியும் அந்தத் தூண்களுக்கு நடுவே நடந்து போவதை நான் பார்க்க வேண்டும்.