டிரையருக்கான வெளிச்சுவர் வென்ட்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

துணி உலர்த்தும் டிரையர் வெளியேற்றும் ஈரக் காற்றைச் சுவருக்கு அப்பால் கொண்டுசெல்ல இந்த வென்ட்டை, அதாவது காற்றுப்போக்கியை, பொருத்தி எட்டு மாதங்கள் ஆகின்றன. முன்பு இருந்தது மூன்று பிளாஸ்டிக் பட்டைகள் கொண்ட வகை. வெயிலில் காய்ந்து ஒரு பட்டை உடைந்து விழுந்தது. மற்ற இரண்டும் துணியிலிருந்து உதிரும் பஞ்சு அடைத்துப் பாதி திறந்தபடியே நின்றுவிட்டன. துணி உலர ஏறக்குறைய இரு மடங்கு நேரம் பிடிக்கத் தொடங்கிய பிறகுதான், குறை இயந்திரத்தில் இல்லை, சுவரில் இருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது.

புதிய வென்ட் துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டால் ஆனது. 4 அங்குலக் குழாய், கூரைபோல் சரிந்த முகப்பு, அதனுள் கீலில் தொங்கும் ஒற்றை மூடி, அவ்வளவுதான். வென்ட்டின் தரம் அந்த மூடியில்தான் இருக்கிறது என்பேன். காற்று தள்ளினால் அது தடையின்றித் திறக்க வேண்டும், நின்றதும் தன் எடையாலேயே முழுமையாக மூட வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் மூடியை விரலால் தூக்கி விட்டுப் பார்த்தபோது அது பாதியிலேயே நின்றது. கீல் ஊசி நுழையும் துளையின் விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. சிறிய அரத்தால் நாலு இழுப்பு இழுத்த பிறகு மூடி டக்கென்று மூடியது. சுவரில் ஏற்றிவிட்ட பிறகு இதைக் கண்டிருந்தால் ஏணி போட்டுத்தான் சரிசெய்திருக்க வேண்டும். தொழிற்சாலையிலேயே முடித்து அனுப்பியிருக்க வேண்டிய வேலை இது.

இதைவிடப் பெரிய குறை, முகப்பின் வாயில் பொருத்தியிருந்த கம்பி வலை. பறவையும் எலியும் நுழையாமல் இருக்க என்று உடன் வந்த சீட்டு கூறுகிறது. குளியலறை விசிறிக்கு அது பொருந்தலாம், டிரையருக்குக் கூடவே கூடாது. டிரையரின் வடிகட்டியைத் தாண்டி வரும் பஞ்சு வலையில் படிந்து நாளடைவில் வழியையே அடைத்துவிடும். வெப்பம் வெளியேற வழியில்லாத இடத்தில் அந்தப் பஞ்சே எளிதில் தீப்பற்றும். எரிவாயுவில் இயங்கும் டிரையராக இருந்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளேயே தங்கும் ஆபத்தும் உண்டு. ஆகவே வலையைக் குறடால் பிடுங்கி எறிந்துவிட்டேன். முழுமையாக மூடும் மூடியே பறவைகளுக்குப் போதுமான தடை.

சுவருக்குள் மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, முதலில் உள்ளிருந்து மெல்லிய துளையொன்று போட்டு, வெளியே அது எங்கே வருகிறது என்று பார்த்த பிறகே 4¼ அங்குலத் துளையை இட்டோம். செங்கல் சுவருக்கு வைரமுனைக் கோர் பிட் (வட்டமாகக் குடைந்தெடுக்கும் உருளை வடிவத் துளைமுனை) தேவைப்பட்டது. குழாய்க்குள் குளிர்ந்து திரளும் நீர் வெளிப்புறமாக வடியும்படி துளையைச் சற்றே சரிவாக அமைத்தோம். குழாய்களைத் திருகாணியால் இணைக்கும்படி சீட்டில் எழுதியிருந்ததை நான் பின்பற்றவில்லை, ஏனெனில் உள்ளே நீட்டும் ஒவ்வொரு ஆணி முனையும் பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். காற்று செல்லும் திசையில் ஒரு குழாயின் முனை அடுத்ததற்குள் நுழையுமாறு வைத்து, அலுமினியத் தாள் ஒட்டுநாடாவைச் சுற்றினோம். முகப்பைச் சுற்றி மேலேயும் இரு பக்கமும் மட்டும் சிலிக்கான் பூசி, பின்னால் புகுந்த மழைநீர் வெளியேறட்டும் என்று அடிப்பகுதியைத் திறந்தே விட்டோம். பாதையில் ஒரே ஒரு வளைவுதான். அமெரிக்காவில் வீடு கட்டுவதற்குப் பரவலாகப் பின்பற்றப்படும் பன்னாட்டுக் குடியிருப்பு விதித்தொகுப்பு (IRC) டிரையர் குழாய்ப் பாதைக்கு அனுமதிக்கும் 35 அடி நீளத்தில், சாதாரண 90 பாகை வளைவு ஒவ்வொன்றும் 5 அடியைத் தின்றுவிடுகிறது என்பதால் வளைவுகளைக் குறைப்பது நல்லது.

இப்போது துணி பழையபடி விரைவாக உலர்கிறது, அறைச் சுவரில் ஈரமும் படிவதில்லை. பலத்த காற்றடிக்கும் இரவுகளில் மூடி படபடக்கிறது; படுக்கையறைச் சுவரில் வைப்பவர்களுக்கு அது தொல்லையாக இருக்கும். அரத்தால் தேய்த்த இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்த் துரு தெரிகிறது, அங்கே வண்ணம் தடவியிருக்க வேண்டும். உடன் வரும் குழாய் எங்கள் 9 அங்குலச் சுவருக்கு எட்டாததால் தனியாக ஒரு துண்டு வாங்க நேர்ந்தது. பிசிறைத் தேய்க்கவும் வலையைப் பிடுங்கவும் தயாராக இருப்பவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். சுவரின் தடிமனை மட்டும் முன்பே அளந்துகொள்ளுங்கள்.