லினக்ஸில் தேவைக்கேற்ப டயல் செய்யும் இணைப்பு: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

மோடம் வழியாக இணையத்தில் இணையும் லினக்ஸ் கணினியில், டயல் இணைப்பை நிர்வகிக்கும் பிபிபிடி (pppd) நிரலின், தேவைப்படும்போது மட்டும் டயல் செய்யும் டிமாண்ட் வசதியைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியிருக்கிறேன். மோடமோ தொலைபேசிக் கம்பியோ தகராறு செய்தது குறைவு. டயல் செய்ய வேண்டிய நேரத்தில் சும்மா இருப்பதும், யாரும் கேட்காதபோது டயல் செய்வதுமே பெரிய தொல்லைகள்.

முதலாவதைத் தீர்ப்பது எளிது. டிமாண்ட் முறையில் பிபிபிடி, மறுமுனைக்கு 10 என்று தொடங்கும் தற்காலிக முகவரி ஒன்றை வைத்து, இணைப்பு இல்லாமலேயே பிணைய இடைமுகத்தை உருவாக்கிக் காத்திருக்கும். அந்த இடைமுகத்துக்குத் தரவுப் பாக்கெட் வந்தால்தான் மோடம் அசையும். ஈதர்நெட் (உள்ளூர்ப் பிணையம்) பக்கம் டிஃபால்ட் ரூட், அதாவது வெளியே போகும் பாக்கெட்டுகளுக்கான இயல்பு வழி, ஏற்கெனவே இருந்தால் பாக்கெட் அங்கே போய்விடும். டிஎன்எஸ் (தளப்பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரிகளை வைக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பு காலியாக இருந்தால் பெயர்த் தேடல் கணினியை விட்டே வெளியேறாது. மறுமுனையிடமே டிஎன்எஸ் முகவரியைக் கேட்கும் யூஸ்பியர்டிஎன்எஸ் விருப்பம் இதற்கு உதவாது. அது டிஎன்எஸ் முகவரியைப் பெறுவதே இணைந்த பிறகுதான். ஆகவே இணையச் சேவை தருபவரின் டிஎன்எஸ் முகவரியை அக்கோப்பில் நிலையாக எழுதிவிட வேண்டும்.

இரண்டாவதுதான் பொறுமையைச் சோதிப்பது. இணைப்பைத் தொடங்கியதாக லாக் சொல்லுமே தவிர, தொடங்க வைத்தது எது என்று சொல்லாது. பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் நிரலை, பிபிபிடி உருவாக்கிய பிபிபி0 இடைமுகத்தின்மேல் ஓடவிட்டால் ஆளைப் பிடித்துவிடலாம். ஆனால் "-என்" கொடுப்பது கட்டாயம். இல்லையேல் முகவரிகளுக்குப் பெயர் தேடி டிசிபிடம்ப்பே டயல் செய்ய வைக்கும், திருடனைப் பிடிக்க வந்தவரே திருடியது போல. இப்படி அகப்பட்டவற்றுள் முதன்மையானது, விண்டோஸ் கணினிகளுடன் கோப்புகளைப் பகிர உதவும் சாம்பா: உள்ளூர் விண்டோஸ் கணினிகள் கேட்கும் பெயர்களை அது டிஎன்எஸ்ஸிடம் விசாரிக்கும் வழக்கம் உடையது. "டிஎன்எஸ் ப்ராக்ஸி" அமைப்பை "நோ" என்று மாற்றியதும் அடங்கியது. நேரத்தைச் சரிசெய்யும் என்டிபியை, இணைப்பு வந்ததும் இயங்கும் ஐபி-அப் ஸ்கிரிப்டுக்குள் நகர்த்தினேன்.

இதைவிட நுட்பமானது, துண்டித்த மறுகணமே மீண்டும் டயல் செய்வது. பிரவுசர் விட்டுச்சென்ற டிசிபி இணைப்புகள் தங்களை மூடிக்கொள்ள அனுப்பும் பாக்கெட்டுகளே இதைத் தூண்டுகின்றன. மீண்டும் டயல் செய்யுமுன் காத்திருக்கும் ஹோல்டாஃப் இடைவெளியைக் கூட்டிப் பயனில்லை, ஏனெனில் போக்குவரத்தின்றிச் சும்மா இருக்கும் ஐடில் நேரம் முடிந்து துண்டிக்கப்பட்ட இணைப்புக்கு அந்த இடைவெளி பொருந்துவதே இல்லை. எந்தப் பாக்கெட்டுகளைக் கணக்கில் எடுப்பது என்று பிபிபிடிக்குச் சொல்லும் ஆக்டிவ்-ஃபில்டர் விருப்பத்தில் அத்தகைய பாக்கெட்டுகளை விலக்கி, வெளியே செல்லும் போக்குவரத்தை மட்டும் கணக்கிடச் செய்வதே சரியான மருந்து; வெளியிலிருந்து யாரோ துழாவும் பாக்கெட்டுகள் இணைப்பைத் துண்டிக்க விடாமல் பிடித்துவைப்பதும் இதனால் நின்றது. லினக்ஸின் மையக்கருவான கெர்னலில் பிபிபி ஃபில்டர் வசதி சேர்க்கப்பட்டிருந்தால் மட்டுமே இது வேலை செய்யும்.

முதல் பக்கம் மட்டும் தொங்கி நின்ற சிக்கலும் இருந்தது. இணையும் முன் நம் கணினிக்கு இருந்த தற்காலிக முகவரியில் புறப்பட்ட டிசிபி கோரிக்கைக்குப் பதில் வந்துசேராது. கெர்னலின் ஐபி_டைன்அட்ர் அமைப்பை 1 என வைத்தால், மறுமுறை அனுப்பும்போது கெர்னல் புதிய முகவரியை இட்டுக்கொள்ளும். பெயர்த் தேடலுக்கான இயல்பான 5 வினாடிக் காத்திருப்பு மோடம் இணைந்து முடிக்கப் போதாது என்பதால், அதையும் ரிசால்வ்.கான்ஃபில் கூட்டினேன். அப்படியும் சில வேளைகளில் முதல் பக்கத்தை இரண்டாம் முறை அழைக்க வேண்டியிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.