அமெரிக்காவின் வயோமிங்கில் ஒரு நாள் வேன் சுற்றுலா: மூன்று நட்சத்திரம், அதுவும் பாறைக்காக

காலை ஏழரைக்கு ஷையன் நகரில் ஏற்றிக்கொண்டு மாலை ஆறுக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள். தலைக்கு 145 டாலர். சாப்பாட்டுச் செலவு நம்முடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிகள் மாட்டுவண்டிகளோடு மேற்கே போன ஆரிகன் பாதை கெர்ன்சி ஊருக்கு அருகில் விட்டுச்சென்ற வண்டித்தடம், பெயர்ப்பாறை, லாரமி கோட்டை என்று மூன்று இடங்கள். கோட்டைக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது என்பது இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. வண்டி ஓட்டிய இளைஞர் தங்கமானவர், அவர் பிழைப்பில் மண்ணைப் போட எனக்கு மனமில்லை.

வேன் புதிது. இருக்கை, குளிர்சாதனம் எல்லாம் சரி. ஓட்டம் சுத்தம்.

முப்பத்தொரு வருடம் பேருந்துப் பணிமனையில் சக்கரங்களோடு மல்லுக்கட்டியவன் நான். மகள் பயணச்சீட்டு வாங்கித் தந்தபோது, "அப்பா, அங்கே பார்க்க வெறும் பள்ளம்தான் இருக்கும்" என்றாள். அந்தப் பள்ளத்துக்காகத்தான் போனேன். வடக்கு பிளாட் ஆற்றை ஒட்டிய மணற்கல் மேடு அது. வெட்டவெளியில் வண்டிகள் ஒன்றின் புழுதியை மற்றொன்று தின்னாமலிருக்கப் பக்கவாட்டில் விரிந்து போகும். இங்கே ஆற்றுக்கும் மேட்டுக்கும் நடுவே வேறு வழி இல்லாததால் எல்லா வண்டியும் ஒரே தடத்தில் ஏறியாக வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான இரும்புப் பட்டைகள் ஒரே கோட்டில் தேய்த்ததில் சில இடங்களில் பாறை ஐந்து அடி ஆழத்துக்கு அறுந்திருக்கிறது. உள்ளே இறங்கி நின்றேன், விளிம்பு என் நெஞ்சுக்கு வந்தது. நடுவில் மாடுகளும், அவற்றோடு நடந்த மனிதர்களும் மிதித்துத் தேய்த்த வழி. ஆம், பெரும்பாலோர் நடந்துதான் போனார்கள். ஸ்பிரிங் இல்லாத வண்டி, உள்ளே ஒரு டன் சாமான். அதில் உட்கார்ந்து எலும்பை உடைத்துக்கொள்வதைவிட நடப்பது மேல். கற்சுவரில் உள்ளங்கையை வைத்து இழுத்துப் பார்த்தேன். சாணைக்கல் போலச் சொரசொரப்பு. இந்த ஏற்றத்தில் எத்தனை கடையாணி தெறித்திருக்கும், எத்தனை ஆரக்கால் முறிந்திருக்கும் என்று கணக்குப் போடத் தொடங்கினேன். அதற்குள் "இருபது நிமிடம் முடிந்தது" என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

இருபது நிமிடம்! மதியம் ஒரு பரிசுப்பொருள் கடையோடு ஒட்டிய உணவகத்தில் மட்டும் ஒரு மணி பத்து நிமிடம் நிறுத்தினார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

பெயர்ப்பாறையில் பயணிகள் செதுக்கிய பெயர்களும் ஆண்டுகளும் இருக்கின்றன. பின்னால் வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை, கிறுக்கித் தள்ளியிருக்கிறார்கள். லாரமி கோட்டையிலிருந்து மேற்கே கிளம்பும் வண்டிகளுக்கு இது முதல் இரவுத் தங்கல். அந்த ஒரு நாள் தூரத்தை எங்கள் வேன் எதிர்த்திசையில் அரை மணி நேரத்துக்குள் கடந்தது.

வழியில் லாரமி கோட்டை என்றே பெயர் கொண்ட சிற்றூரின் வரவேற்புப் பலகை, இங்கே 250 நல்லவர்களும் 6 சிடுமூஞ்சிகளும் வாழ்வதாகச் சொல்கிறது. வேனிலும் ஒரு சிடுமூஞ்சி உட்கார்ந்திருந்தது.

கோட்டை என்றதும் மதிலைத் தேடினேன். மதிலே இல்லை. 1834இல் தோல் வியாபாரிகள் கட்டிய மரக்கோட்டையும், அதற்கு மாற்றாக வந்த மண்கல் கோட்டையும் போய்விட்டன. 1849இல் ராணுவம் 4,000 டாலருக்கு இடத்தை வாங்கியது. நாம் பார்ப்பது அதற்குப் பிறகு எழுந்த குடியிருப்புகளும் கடையும்தான். பாரம் தாங்காத பயணிகள் இந்தக் கோட்டையைச் சுற்றி இரும்பு அடுப்பையும் உப்புக்கண்டத்தையும் குவியல் குவியலாகக் கொட்டிவிட்டுப் போனார்களாம். மிகைப்பாரம் ஏற்றுபவர்களை நானும் பார்த்திருக்கிறேன், திட்டியும் இருக்கிறேன்.

என் பெரிய குறை வேனில் ஒலித்த பதிவு செய்த விளக்கம். 1854இல் செவ்விந்தியர்கள் அமெரிக்க ராணுவத்தின் லெப்டினன்ட் கிராட்டனையும் அவர் படையையும் கொன்றார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குத் தாவியது. கோட்டையைப் பராமரிக்கும் ரேஞ்சர் அம்மையாரிடம் கேட்டேன். அவர் மாட்டிலிருந்து தொடங்கினார். மார்மன் என்ற மதப்பிரிவைச் சேர்ந்த பயணி ஒருவரின் நொண்டி மாடு வழிதவறி, லகோட்டா பழங்குடியினரின் முகாமுக்குள் போனது. அங்கே விருந்தாளியாக இருந்தவர் அதைக் கொன்றார். முகாமின் தலைவர் மாற்றுக்கு விலங்கு தருவதாகச் சொன்னார், மாட்டுக்காரர் ஏற்கவில்லை. மாட்டைக் கொன்றவரைப் பிடிக்க கிராட்டன் 29 வீரர்களோடும் பீரங்கியோடும் போனார். மொழிபெயர்ப்பாளரோ குடிபோதையில். தலைவர் சுடப்பட்டு விழுந்தார், போன படையில் ஒருவரும் மிஞ்சவில்லை. மறு ஆண்டு ராணுவம் பழிதீர்க்கப் போய் 80க்கும் மேற்பட்ட லகோட்டாக்களைக் கொன்றது. அதில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. இவ்வளவையும் அவர் ஐந்தே நிமிடத்தில் சொன்னார். பதிவில் அதற்கு இடமில்லையாம், ஆனால் உணவக விளம்பரம் இரண்டு முறை ஓடியது.

அதே போல 1875இல் கட்டிய இரும்புப் பாலத்தின் பக்கமாகப் போகும்போது வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. வில்லாக வளைந்த மூன்று கண்கள், ஆணியடித்து முடுக்கிய அழகான வேலை. இப்போது அதன் மேல் வண்டிகள் போவதில்லை. பிளாக் ஹில்ஸ் மலைகள் லகோட்டாக்களுக்கே என்று 1868இல் ஒப்பந்தம் கையெழுத்தானது இந்தக் கோட்டையில்தான். 1874இல் அங்கே தங்கம் தென்பட்டதும், மலைக்குப் போகும் கோச்சு வண்டிகள் ஓடியது இந்தப் பாலத்தின் மேல்தான். 1877இல் அமெரிக்க அரசு மலையையே எடுத்துக்கொண்டது. 1980இல் உச்ச நீதிமன்றம் 10 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு உறுதிசெய்தும், லகோட்டாக்கள் அதை வாங்கவில்லை; மலைதான் வேண்டும் என்கிறார்கள். இவ்வளவும் அந்தப் பாலத்தின் மேல் நின்று சொல்ல வேண்டிய கதை.

திரும்பி வந்ததும் ஓட்டுநர் தயங்கித் தயங்கி, ஐந்து நட்சத்திரம் போட்டால் தமக்கு உதவியாக இருக்கும் என்றார். கை குலுக்கி, அன்பளிப்பாகப் பதினைந்து டாலர் கொடுத்தேன். அவருக்கு ஐந்து. நிறுவனத்துக்கு மூன்று, அதிலும் இரண்டு அந்தப் பாறைக்கு. அடுத்த மாதம் மருமகன் காரில் மறுபடியும் போகிறோம். காலையில் முதல் வேலையாக வண்டித்தடம். தண்ணீரும் சாப்பாடும் கையோடு.