வூட்டாக் பள்ளத்தாக்கில் நடப்பவர்களுக்கு: பல வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், பிளாக் ஃபாரஸ்ட் மலைப்பகுதியின் தெற்குப் பக்கம் இருக்கிறது வூட்டாக் பள்ளத்தாக்கு. ஃப்ரைபுர்க் பக்கம் குடிவந்ததிலிருந்து வருடம் தவறாமல் அங்கே நடந்துவருகிறேன். வசந்தம், கோடை, இலை உதிரும் அக்டோபர் என எல்லாப் பருவத்திலும் பார்த்தாயிற்று. இந்தப் பாதையைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் “13 கிலோமீட்டர், நாலஞ்சு மணி நேரம், நடுத்தரச் சிரமம்” என்றுதான் சொல்வார்கள். அந்தக் கணக்கு காய்ந்த நாளுக்குச் சரி. மற்ற நாட்களில் இங்கே நம் வேகத்தை முடிவு செய்வது காலடியில் இருக்கும் பாறைதான்.

எல்லோரும் நடக்கும் பகுதி ஷாட்டன்மியூலே என்ற இடத்தில் தொடங்கி, வூட்டாக் ஆற்றோடு கீழிறங்கி, வூட்டாக்மியூலேயில் முடிகிறது. ஆனால் ஷாட்டன்மியூலேக்கு வந்து சேரும் லோட்டன்பாக் ஓடையை முதலில் பார்த்துவிடுங்கள். சின்ன இடுக்குதான், மேலிருந்து இறங்க அரை மணி நேரம் கூட ஆகாது. கிரானைட்டும் நைஸ் (gneiss) என்ற பாறையும் கலந்த கடினத் தரை, பாசி படிந்த உருண்டைக் கற்கள், மரப்பாலங்களுக்கு அடியில் சின்னச் சின்ன அருவிகள். நனைந்திருந்தாலும் இந்தப் பாறையின் சொரசொரப்பு காலைப் பிடித்துக்கொள்ளும். பாசியையும் மரப்பலகையையும் தவிர்த்து மிதித்தால் போதும்.

பாட் போல் தாண்டியதும் கதை மாறுகிறது. அங்கே ஒரு காலத்தில் குளியல் மருத்துவ விடுதி இருந்தது. இப்போது ஒரு சிறு தேவாலயம் மட்டும் மரங்களுக்குள் நிற்கிறது. அதற்குக் கீழே சிப்பிச் சுண்ணாம்புக்கல் தொடங்குகிறது. சுமார் 24 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த பாறை இது. ஆறு இதைச் செங்குத்தாக அறுத்திருக்கிறது. பாதை சில இடங்களில் பாறைச் சுவரின் இடுப்பில் ஓர் ஆள் அகலத்துக்குத்தான் ஓடும். ஒரு தோள் ஈரம் கசியும் சுவரை உரசும், மறுபக்கம் நேராகக் கீழே ஆறு. கைக்கு ஓர் இரும்புக் கம்பிவடம் கட்டியிருக்கிறார்கள். கோடையிலும் அது சில்லென்றிருக்கும். எதிரே ஆள் வந்தால் சற்று அகலமான இடத்தில் சுவரோரம் ஒதுங்கி நின்று வழிவிடுவது இங்கே வழக்கம். உயரம் என்றால் பயப்படுகிறவர்களும் துருதுருவென ஓடும் குழந்தையோடு வருகிறவர்களும் இந்த இடங்களை மனதில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

இந்தச் சுண்ணாம்புக்கல்லில் இரண்டு தொல்லைகள். ஆயிரக்கணக்கான செருப்படிகள் பட்டு அது வழவழப்பாகிவிட்டது, ஈரமானால் நிற்கவே விடாது. அப்புறம் அடுக்குகளுக்கு இடையே இருந்து கரைந்து வரும் களிமண். மழைக்கு மறுநாளும் பாதை சேடை ஓட்டிய வயல் மாதிரிதான் கிடக்கும், ஏனென்றால் பள்ளத்தின் அடிக்கு வெயில் இறங்குவது குறைவு. மேலே ஊர்களில் தரை காய்ந்திருப்பதைப் பார்த்துக் கிளம்பாதீர்கள்.

அதனால் ஷூ விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் வேறு. கடையில் எல்லோரும் தண்ணீர் புகாத ஷூவைத்தான் முதலில் காட்டுவார்கள். இந்தப் பாதையில் ஆற்றுக்குள் இறங்கும் வேலையே இல்லை, எல்லாக் கடப்புக்கும் பாலம் இருக்கிறது. வேண்டியது பிடிமானம்: ஈரக் கல்லில் ஒட்டும் மென்மையான ரப்பர், களிமண் அப்பிக்கொள்ளாமல் உதிர்ந்துபோகும்படி இடைவெளி விட்ட ஆழமான பற்கள். அடிப்பகுதி தேய்ந்த ஷூ, மேலே எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், இங்கே வேண்டாம். கைத்தடி ஒன்று போதும், இரண்டு தொந்தரவு. கம்பிவடத்தைப் பிடிக்க ஒரு கை எப்போதும் காலியாக இருக்கவேண்டும்.

இந்த ஆறு ஏன் இப்படி வெறியோடு அறுக்கிறது என்று தெரிந்துகொண்டு நடந்தால் நடையே வேறு மாதிரி இருக்கும். ஃபெல்ட்பெர்க் மலையில் பிறந்து டிட்டிசே ஏரி வழியாக வரும் இந்தத் தண்ணீர் முன்பு கிழக்கே போய் டான்யூப்போடு சேர்ந்துகொண்டிருந்தது. பனியுகத்தின் கடைசியில், ஏறக்குறைய 18,000 ஆண்டுகளுக்கு முன், புளூம்பெர்க் அருகே அது ரைன் நதியின் கிளை ஒன்றின் பக்கம் உடைத்துக்கொண்டு திரும்பியது. ரைன் படுகை மிகத் தாழ்வானது. திடீரென்று கிடைத்த அந்தச் சரிவில் ஆறு பின்னோக்கி அறுத்துக்கொண்டே வந்ததில் உருவானதுதான் இந்தப் பள்ளத்தாக்கு. நிலவியல் கணக்கில் இது நேற்று நடந்தது. சரிவுகள் இன்னும் நிலைகொள்ளவில்லை. மண்சரிவும் அடிக்கடி பாதை மூடப்படுவதும் அதனால்தான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ரியூமெலே பாலத்தின் சிதைவுகளுக்கு அருகே. 1904-இல் கார்ல் ரியூமெலே என்ற பொறியாளரின் மேற்பார்வையில் இந்தப் பாதையை அமைத்தார்கள், பாலத்துக்கு அவர் பெயர். அந்தப் பக்கம் ஆற்றின் தண்ணீரில் ஒரு பங்கு சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளுக்குள் புகுந்து காணாமல் போகிறது. மழையில்லாத கோடையில் ஆற்றுப்படுகையே காய்ந்த கூழாங்கல்லாகக் கிடக்கும். கரையோரம் குனிந்து கேட்டால் கல்லுக்கடியில் தண்ணீர் களகளவென்று உறிஞ்சப்படும் சத்தம் வரும். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கீழே போனால் அதே தண்ணீர் பாறைச்சுவரின் அடியிலிருந்து பீறிட்டு வெளியே வருகிறது. இதைக் காணவேண்டுமானால் ஆகஸ்ட், செப்டம்பரில் தண்ணீர் குறைந்திருக்கும்போது போகவேண்டும்.

இந்த வருடங்களில் கண்ணெதிரே மாறியது காடுதான். இங்கே ஆஷ் மரங்கள் அதிகம். கிழக்காசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சை அவற்றை உச்சிக் கிளையிலிருந்து கொல்கிறது. வேரும் அழுகிவிடுவதால், பச்சை இலையோடு நிற்கும் மரம்கூட முன்னறிவிப்பின்றிச் சாயலாம். முன்பு நிழல் மூடியிருந்த திருப்பங்களில் இப்போது வானம் தெரிகிறது. பார்க்கப் பார்க்க மனசு வலிக்கிறது. காற்றடிக்கும் நாளில் தயவுசெய்து போகாதீர்கள்.

1939 முதல் இது பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி. அப்படியிருந்தும் 1950-களில் மின்சாரத்துக்காக ஆற்றைத் தடுத்து அணை கட்டத் திட்டம் போட்டார்கள். சுற்றுவட்டார மக்கள் கிளம்பி ஏறக்குறைய 1,85,000 கையெழுத்துகள் திரட்டினார்கள். 1960-இல் திட்டம் கைவிடப்பட்டது. அவர்கள் சும்மா இருந்திருந்தால் இந்தப் பள்ளத்தாக்கு இன்று இப்படி இருந்திருக்காது. அதனால்தான் பாதையை விட்டு இறங்கி ஆற்றங்கரையில் நெருப்பு மூட்டிக் கறி சுடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. வெள்ளை மார்போடு கல்மேல் நின்று உடம்பை ஆட்டி ஆட்டி, சட்டென்று தண்ணீருக்குள் மூழ்கி அடியிலேயே இரை தேடும் ஒரு சின்னப் பறவை இந்தக் கரையை நம்பித்தான் கூடு கட்டுகிறது.

போகும் வழி: ஃப்ரைபுர்கிலிருந்து ரயிலில் லோஃபிங்கன், அங்கிருந்து பேருந்து. சுற்றுவட்டாரத்தில் தங்கினால் பெரும்பாலான விடுதிகளில் கோனஸ் அட்டை கொடுப்பார்கள், ரயிலும் பேருந்தும் இலவசம். நடையர்களுக்கான பேருந்து கோடை மாதங்களில்தான் ஓடும். காரில் வந்தால் வூட்டாக்மியூலேயில் நிறுத்திவிட்டு, காலையிலேயே பேருந்தில் ஷாட்டன்மியூலே போய், அங்கிருந்து காருக்கு நடந்து வாருங்கள். சாயங்காலம் கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் அந்தக் கம்பிவட இடங்களைக் கடக்க வேண்டியிருக்காது. உள்ளே போன் சிக்னல் பெரும்பாலும் கிடைக்காது. பாதை திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்து, வரைபடத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.